எட்டு நடைக்குப் போட்ட பச்சைத் தரை

அன்றைக்கு அந்த வாசலில் இருந்தவர்கள்: நான், என்னோடு புல் வெட்டவும் ஒட்டவும் வரும் ஜபருல்லா, வீட்டுக்காரர் சுப்பையா, அவர் மனைவி செல்லம்மாள், சுப்பையா கையிலிருந்த போனுக்குள் அபுதாபியிலிருந்து அவர்கள் மகன் குமரேசன். வேப்பமரத்தில் ஒரு பசுமாடு கட்டிக் கிடந்தது. அதையும் சேர்த்துக்கொள்ளலாம். கடைசிவரை பதறாமல் இருந்தது அது ஒன்றுதான்.

ஆட்களை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. இந்தச் சம்பவத்தை ஜபருல்லா நம் வேலைக்காரர்களிடம் விதவிதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். ஒரு தடவை சொல்லும்போது பஞ்சாயத்துத் தலைவர் வருகிறார், இன்னொரு தடவை ஆம்புலன்ஸ் வருகிறது. இரண்டும் வரவில்லை. செயற்கைப் புல் போடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகள் நீங்கள், நடந்ததை நடந்தபடி தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலையில் பிழை இருந்தால் மட்டும் பொறுக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நான் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறி, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, திரும்ப நடந்து வந்து பூட்டை இழுத்துப் பார்த்தவன். ஒரு வீட்டில் புல் போட்டு முடித்துக் கூலியும் வாங்கிய பிறகுதான் எனக்குக் கவலையே ஆரம்பிக்கும். ஒட்டு பிரிந்திருக்குமோ, தண்ணீர் தேங்கியிருக்குமோ என்று. "மழை பேஞ்சா ஊரே குடையைத் தேடுது, நீங்க மட்டும் போனைத் தேடுறீங்க" என்பாள் என் மனைவி. இப்போது முழங்கால் போய் வேலையை விட்டு வீட்டில் இருக்கிறேன். கவலை மட்டும் ஓய்வு எடுக்கவில்லை.

சுப்பையா வீடு திருமயத்திலிருந்து மினி பஸ்ஸில் உள்ளே போக வேண்டிய ஊர். வீடு கட்டும்போது மனை பள்ளமாக இருந்ததால், கண்மாயைத் தூர் வாரிய மண்ணை டிராக்டர் டிராக்டராகக் கொண்டுவந்து கொட்டி மேடாக்கியிருந்தார்கள். அந்த மண் வயலுக்குத் தங்கம். வாசலுக்கு வம்பு. நனைந்தால் உப்பும், காய்ந்தால் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். நம் மாவட்டத்தில் பாதி ஊர் செம்மண்ணும் சரளையுமாகக் கெட்டியாகக் கிடக்கிறதே என்று நம்பிப் போனால், இப்படிக் கண்மாய் மண்ணைக் கொட்டி வைத்த வாசல் ஒன்றில் மாட்டிக்கொள்வீர்கள்.

செல்லம்மாளுக்குச் சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். ரோட்டில் நடந்தால் ஆளாளுக்கு நிறுத்திப் பேசுகிறார்கள் என்று வாசலிலேயே எட்டு போட்டு நடப்பார். அந்தப் பக்கம் ஒரு குடம், இந்தப் பக்கம் ஒரு குடம் கவிழ்த்து வைத்து, இரண்டையும் சுற்றி எட்டு. மழைக் காலத்தில் களிமண் காலில் அப்பிக்கொண்டு ஒரு தடவை வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அதைக் கேள்விப்பட்ட மகன், வெறுங்காலோடு புல்லில் நடந்தால் சர்க்கரைக்கும் நல்லது கண்ணுக்கும் நல்லது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோவும் பார்த்திருக்கிறார். நிஜப் புல் போட்டால் மாடு தின்றுவிடும். அதனால் எங்களைக் கூப்பிட்டார்.

அளவெடுக்கப் போன அன்று நான் கேட்காத கேள்வி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மண் எங்கிருந்து வந்தது, கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது, எல்லாம் கேட்டேன். களிமண்ணை வெட்டி எடுத்து, சரளை கொட்டி, மேலே கிரஷர் டஸ்ட் என்கிற கல்தூளைப் போட்டு, திம்ஸ் மிஷின் ஓட்டி இறுக்கி, வாட்டம் பார்த்து, புல்லை விரித்து, ஓரத்திலும் ஒட்டுகளிலும் ஆணி அடித்தோம். பங்குனியில் முடித்த வேலை. பாக்கித் தொகையைக் கொஞ்ச நாள் கழித்து அனுப்புகிறேன் என்றார் குமரேசன். சரி என்றேன்.

ஆடியில் போன் வந்தது. தரை தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று.

மழை பெய்து தூக்கினால் மழையைச் சொல்லலாம். நாங்கள் முடித்த நாளிலிருந்து அந்தப் பக்கம் ஒரு பொட்டு மழை கிடையாது. மழையில்லாமல் களிமண் உப்புகிறது என்றால் அடித்தளத்தில் நான் என்னத்தையோ கோட்டை விட்டிருக்கிறேன் என்றுதானே அர்த்தம். சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் மத்தியானத்துக்கு மேல் ஜபருல்லாவின் லோடு ஆட்டோவில் கிளம்பினோம். வழியெல்லாம் அவன் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். அவன் மணமேல்குடிப் பக்கத்து ஆள். கடலையே பார்த்து வளர்ந்தவனுக்குக் களிமண் ஒரு பொருட்டா.

போய்ப் பார்த்தால், வீட்டுச் சுவரை ஒட்டி, புல்லுக்குக் கீழே ஒரு பூனை படுத்திருக்கிற மாதிரி நீளமாக ஒரு புடைப்பு. அது போய் முடிகிற இடத்தில் ஒட்டு வாய் பிளந்திருந்தது. மண்டியிட்டு ஓரத்தைத் தூக்கிக் கையை விட்டேன். டஸ்ட் ஈரமாக இருந்தது. அதற்குக் கீழே களிமண் பிசைந்த மாவு மாதிரி. நிமிர்ந்து பார்த்தேன். குழாயடியில் ஓஸ் பைப் சுருட்டிக் கிடந்தது, அதன் வாயிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. சுப்பையா எழுந்து வந்து அந்த பைப்புக்கு முன்னால் நின்றுகொண்டார். கையில் போன், போனில் மகன்.

ஜபருல்லா என் காதோரம் குனிந்தான்.

"அண்ணே, பெருசு பிளாஸ்டிக்குக்குப் பாசனம் பண்ணியிருக்கு."

"சும்மா இருடா."

"ஒரம் வச்சாரான்னு ஒரு வார்த்தை கேளுங்க."

காலமெல்லாம் விவசாயம் பார்த்த மனுஷன், பச்சையைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை என்றுதான் நானும் நினைத்தேன். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா. ராத்திரி முழுக்கப் புரண்டதெல்லாம் வீண், தப்பு என்னுடையது இல்லை. தண்ணீர் ஊற்றியவர் எதிரிலேயே நிற்கிறார், பைப் சொட்டுகிறது. இதைவிட என்ன வேண்டும்.

குமரேசன் போனுக்குள்ளிருந்து கேட்டார்.

"அண்ணே, எனக்கு இங்கேருந்து பாக்கயிலேயே தெரியுது. பேஸ் சரியா போடல, அதானே? சுத்தி வளைக்காம நேரா சொல்லுங்க. யாரு தப்பு?"

சுப்பையா என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கேட்டார். எனக்கு அது புரிந்தது. புரிந்தும், சொல்லத்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன். என் பெயர் கெடுகிறதே.

இதற்கு நடுவில் செல்லம்மாள் தன்பாட்டுக்கு எட்டு நடந்துகொண்டிருந்தார். எங்களைத் தாண்டும்போதெல்லாம் ஒரு அதட்டல்.

"அங்கிட்டு ஒதுங்கி நில்லுங்கப்பா, எட்டு கோணிக்கிட்டுப் போவுது."

நான் வாயைத் திறந்தேன். "தம்பி, வந்து... தண்ணி" என்று ஆரம்பித்ததும் ஜபருல்லா என் தோளை அழுத்தினான். இந்தத் தடவை கிண்டல் இல்லை. அவன் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன்.

பச்சையில் சிவப்பாக ஒரு பொட்டு. ஒரு அடி தள்ளி இன்னொன்று. குடத்தைச் சுற்றி வளைந்து, எட்டின் நடுவில் குறுக்கே போய், மறுபடி வளைந்து. செல்லம்மாளின் வலது கால் எங்கெங்கே பட்டதோ அங்கெல்லாம். அவர் நொண்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. கை வீசி நடந்துகொண்டிருந்தார்.

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் கத்துகிற ஆள். கரண்ட் போனாலே கத்துவேன். அன்றைக்கு ஏன் கத்தவில்லை என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். கத்தினால் அந்த அம்மா மிரண்டு ஓடுவார். எந்த ஆணி குத்தியதோ தெரியாது, குத்தியது ஆணி என்று மட்டும் எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, மண் என் ஆணிகளைத் தள்ளியிருக்கிறது. ஒன்று வெளியே வந்திருந்தால் இன்னும் எத்தனை வந்திருக்கும். ஓடினால் அடுத்ததில் மிதிப்பார். அதைப் பயம் என்று சொல்லிக்கொள்ளலாம், அல்லது புத்தி வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். குரல் மட்டும் மெதுவாக வந்தது.

"ஆத்தா, அப்பிடியே நில்லுங்க."

"ஏப்பா, பாம்பா?"

"பாம்பு இல்ல. ஒரு எட்டுகூட எடுத்து வைக்காதீங்க."

"இன்னும் மூணு சுத்து கெடக்கு."

"நாளைக்குச் சேத்து நடந்துக்கலாம். நில்லுங்க ஆத்தா."

நின்றார். ஜபருல்லா பிளாஸ்டிக் நாற்காலியை அவருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தான். போகும் வழியைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே போனான். உட்கார வைத்துக் காலைத் தூக்கினேன். கட்டைவிரலுக்குக் கீழே சதையில் ஆணி இறங்கிய துளை. ரத்தம் பாதம் முழுக்கப் பரவியிருந்தது. செல்லம்மாள் குனிந்து தன் உள்ளங்காலைப் பார்த்தார்.

"யாரு ரத்தம் இது?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

சுப்பையா கையிலிருந்து போன் நழுவிப் புல்லில் விழுந்தது. அவர் ஓடி வந்து அந்தக் காலைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார்.

"இவளுக்குக் காலு தெரியாது தம்பி" என்றார் என்னிடம். "ரெண்டு வருசமா. சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது. இந்தப் புல்லு சாயங்காலம் நாலு மணிக்கும் தோசைக்கல்லு மாதிரி கெடக்கு. போட்ட மொத வாரமே கொப்பளம் வந்துருச்சு. இவளுக்குத் தெரியல, நான்தான் பாத்தேன். அதுலேருந்து கைய வச்சுப் பாத்து, சூடு எறங்குற மட்டும் தண்ணி அடிச்சிட்டுத்தான் எறங்க விடுறது."

"மகன்கிட்டச் சொல்லியிருக்கலாமேய்யா."

"சொன்னா புல்லைப் பேத்து எறிஞ்சுருவான். இல்ல, வேலைய விட்டுப்புட்டு வந்து நிப்பான். இவ ரெண்டுக்கும் ஒத்துக்க மாட்டேங்குறா. செருப்புப் போடுடின்னா, புள்ள வெறுங்காலோட நடக்கச் சொல்லியிருக்கான்னு சொல்றா."

கீழே கிடந்த போன் பேசியது.

"அப்பா, வானம் மட்டும்தான் தெரியுது. போனை எடுங்கப்பா."

செல்லம்மாள் மெதுவாகப் புருஷனிடம் கேட்டார். "அவனுக்குக் கேட்டுருச்சா?"

"கேட்டுருச்சும்மா" என்றது போன்.

என் நாக்கு நுனியில் நின்ற சொல் அங்கேயே செத்துப்போனது. அரை நிமிஷம் முந்தியிருந்தால், கைவைத்துச் சூடு பார்த்து மனைவியை இறக்கிவிட்ட மனுஷனை, பெற்ற மகன் முன்னால் குற்றவாளியாக நிறுத்தியிருப்பேன். நான் சொல்லவிருந்தது பொய் இல்லை. தண்ணீர்தான் மண்ணை உப்ப வைத்தது. ஆனால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்ததே தவிர, ஏன் நடந்தது என்று தெரியவில்லை. ஒரு வீட்டில் ஏதாவது கெட்டுப்போய் நீங்கள் போய் நிற்கும்போது, தப்பு உங்களுடையது இல்லை என்று தெரிந்த உடனே ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அந்த நேரத்தில் பேசாதீர்கள். என்னை நம்புங்கள்.

பாசனம் என்று கிண்டல் அடித்த ஜபருல்லாதான் முதலில் அசைந்தான். ஆட்டோவை வாசல்வரை ரிவர்ஸிலேயே ஓட்டி வந்து, "ஆத்தா, முன் சீட்டு ஒங்களுக்கு, ஏசி மட்டும் இல்ல" என்று சொல்லி ஏற்றினான். சுப்பையா மட்டும் ஏறாமல் குனிந்து புல்லைத் தடவிக்கொண்டு நின்றார். செருப்பைத் தேடுகிறார் என்று நினைத்து, "வாங்கய்யா, வெறுங்காலோட வாங்க" என்று சத்தம் போட்டேன். வந்து பின்னால் என்னோடு ஏறிக்கொண்டார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ் அம்மா இருந்தார். காயத்தைக் கழுவி, ஊசி போட்டு, பிறகு செல்லம்மாளைக் கண்ணை மூடச் சொல்லி, பேனா மூடியால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். தொடும்போது சொல்லுங்க என்றார். நான் வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் தொட்டுக்கொண்டே இருந்தார், செல்லம்மாள் சொல்வதற்குக் காத்துக்கொண்டே இருந்தார். சுப்பையா சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி நோட்டீஸைப் படிப்பது போலத் திரும்பி நின்றார்.

புல்லிலிருந்து நான் எடுத்து வந்த சுப்பையாவின் போன் என் கையில், அதற்குள் குமரேசன்.

"அண்ணே, யாரு தப்புன்னு கேட்டேன்ல. இப்பச் சொல்லுங்க."

"தம்பி, அளவெடுக்க வந்தன்னைக்கு மண்ணைப் பத்திக் கேட்டேன். தண்ணி எங்கிட்டுப் போவும்னு கேட்டேன். யாரு நடக்கப் போறா, எந்நேரம் நடப்பாங்க, செருப்பு உண்டா கெடையாதான்னு கேக்கல. எனக்குக் கேக்கத் தோணல, ஒங்களுக்குச் சொல்லத் தெரியல. அப்பா தண்ணி ஊத்தலைன்னா, ஆணிக்குப் பதிலா தீப்புண்ணோட இங்க வந்திருப்போம். அதுவும் எப்பவோ."

குமரேசன் குரல் இறங்கிப்போய் வந்தது.

"புல்லுல நடந்தா நல்லதுன்னுதாண்ணே வீடியோல போட்டிருந்தான்."

"அது புல்லுக்குச் சொன்னது தம்பி."

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. பாக்கிப் பணத்தைப் பற்றி அவர் பேச வாயெடுத்தார். ஒரு மழைக்காலம் போகட்டும், தரை நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

நர்ஸ் அம்மா வெளியே வந்தார்.

"ஆணி யாரோடது?"

"என்னுதுங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "காலுக்கு ஒண்ணும் ஆயிராதுல்லம்மா?" என்று ரெண்டு தடவை கேட்டுவிட்டேன்.

"இப்ப இம்புட்டுப் பயப்படுறீங்களே, இதை அடிக்கும்போதே பயந்திருக்கலாம்ல" என்றார். "சின்னக் காயம்தான். ஆனா சர்க்கரைக் காலுக்கு சின்னக் காயம்னு ஒண்ணு கெடையாது. காலையில புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கால ஊனவே விடாதீங்க. விட்டா வெரல்ல ஆரம்பிச்சு எங்க போய் நிக்கும்னு யாருக்கும் தெரியாது."

அந்த அம்மா பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. பயத்தை எந்த நேரத்தில் செலவு செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர் ஒருவர்தான். அதுவரை வேலை முடிந்த பிறகே பயந்து பழக்கப்பட்டிருந்தேன்.

மறுநாள் அவர்கள் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். நானும் ஜபருல்லாவும் வாசலில் மண்டியிட்டோம். வேறு பேச்சு இல்லை, அத்தனை ஆணியும் வெளியே வர வேண்டும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டிப் புல்மேல் இழுத்துப் பார்த்தோம். பிறகு கையாலும் தடவினோம். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை ஆணி அடித்தேன் என்று நான் எண்ணி வைப்பவன். அது என் வியாதி. பிடுங்கியதை எண்ணினேன். ஒன்று குறைந்தது.

"விடுங்கண்ணே, எண்ணுறதுல ஒண்ணு முன்னப் பின்ன இருக்கும்."

"எனக்கு இருக்காது."

மறுபடி எண்ணினேன். ஒன்று குறைந்தது. புல்லை முழுதாகச் சுருட்டி எடுத்தோம். டஸ்ட்டைச் சலித்தோம். மாடு நின்ற இடத்தில் சாணியைக்கூட ஜபருல்லா குச்சியால் கிளறினான். வெயிலில் தலை சுற்றியது. எங்கேயோ ஒரு ஆணி மேலே பார்த்துக்கொண்டு கிடக்கிறது, அந்தக் காலுக்குக் காத்துக்கொண்டு. எனக்கு அழுகையே வந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

சாயங்காலம் ஒரு வாடகை ஆட்டோ வந்து நின்றது. காலில் பெரிய கட்டோடு செல்லம்மாள் இறங்கினார். நாங்கள் இரண்டு பேரும் நாலு காலில் கிடப்பதைச் சுப்பையா பார்த்தார்.

"என்னத்தத் தம்பி தேடுறீங்க?"

"ஆணிங்கய்யா. ஒண்ணு கொறையுது."

அவர் சட்டைப் பையில் கைவிட்டு, காகிதத்தில் மடித்த ஒன்றை எடுத்து நீட்டினார். "இதா பாருங்க. குத்துன ஆணி. நேத்தே எடுத்துக்கிட்டேன்ல. டாக்டருக்குக் காட்டணுமில்ல."

பாம்பு கடித்தால் பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு போவோமே, அந்த மாதிரி. நர்ஸிடம் காட்டி, பெரியாஸ்பத்திரியில் டாக்டரிடம் காட்டி, அங்கே ஸ்கேன் எடுக்கிறவரிடமும் காட்டியிருக்கிறார். துரு இல்லாத ஆணி என்று எல்லாரும் சொன்னார்கள் என்று ஏதோ எனக்கு நல்லது செய்வதுபோல் சொன்னார். ஜபருல்லா சாணிக் குச்சியோடு அப்படியே தரையில் படுத்துச் சிரிக்க ஆரம்பித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. செல்லம்மாளுக்கு விஷயம் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும், "இந்த மனுசன் ஆணியைப் பையில வச்சுக்கிட்டு ரெண்டு ஆம்பளைகளைச் சாணி அள்ள விட்டுருக்காரு பாரு" என்றார்.

அதோடு முடியவில்லை. புல்லை ஒரேயடியாக எடுத்துவிடுங்கள் என்றார் குமரேசன். எனக்கும் அதுவே சரி என்று பட்டது, பயந்தவனுக்கு எடுத்துவிடுவதுதான் எப்போதும் சரி என்று படும். செல்லம்மாள் நாற்காலியில் கட்டுக்காலை நீட்டிக்கொண்டு ஒரே போடாகப் போட்டார்.

"எம் புள்ள வெயில்ல நின்னு சம்பாதிச்சு அனுப்புனது. பேத்து எடுக்கக் கூடாது. களிமண்ணுல வழுக்கி இடுப்பை ஒடிச்சுக்கச் சொல்றியா? நடக்காம கெடந்து சாகச் சொல்றியா?"

மூன்று பேர் என்னைப் பார்த்தார்கள், ஒருவர் போனுக்குள்ளிருந்து. இதுதான் தம்பிகளே, நம் வேலை. புல் விரிப்பதை யாரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். அந்த அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. நடக்காத கால் அவருக்கு இன்னும் ஆபத்து. தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று சுப்பையாவிடம் சொல்லிவிடலாம், ஆனால் சூடு என்று தெரிந்தால் அவர் ஊற்றத்தான் செய்வார், ஊற்றவும் வேண்டும். மனுஷரை மாற்ற முடியாத இடத்தில் தரையைத்தான் மாற்ற வேண்டும். கொஞ்சம் யோசித்துச் சொன்னேன். புல் இருக்கட்டும். ஆனால் வெயில் விழும் இந்தப் பக்கம் வேண்டாம், வடக்கே வேப்ப நிழலுக்கு மாற்றுகிறேன். மேலே நிழலுக்குப் பச்சை வலை கட்டுங்கள். மாட்டுக்கு வேறு இடம் பாருங்கள். ஆணி ஒன்றுகூட அடிக்க மாட்டேன், சுற்றிலும் சிமெண்ட் கட்டு கட்டி அதில் ஒட்டுகிறேன். களிமண்ணை இன்னும் ஆழமாக வெட்டி, சரளைக்குள் துளை போட்ட பைப் பதித்து ரோட்டு வாய்க்காலுக்கு விடுகிறேன், அய்யா வேண்டிய மட்டும் தண்ணீர் ஊற்றட்டும். கடைசியாக, ஆத்தா செருப்பில்லாமல் இறங்கக் கூடாது.

"புல்லுல செருப்போடயா?" என்றார் செல்லம்மாள்.

ஜபருல்லா சொன்னான். "ஆத்தா, இதைப் புல்லுன்னு ஒங்க மாடே ஒத்துக்கல. மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிருச்சு. நீங்க மட்டும் ஏன் நம்புறீங்க?"

மாடு வேறு அந்த நேரம் பார்த்துத் தலையை ஆட்டியது. செல்லம்மாள் சிரித்துவிட்டார். சிரித்ததும் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டோம். சர்க்கரைக் காலுக்கென்று ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மெத்துச் செருப்பு வந்தது. வாரைப் போடும் முன் சுப்பையா தினமும் உள்ளே விரல் விட்டுப் பார்ப்பார், கல் மண் இருக்கிறதா என்று.

காயம் ஆறுவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. கட்டு மாற்றும் நேரத்துக்கு நான் போன் அடிப்பேன். சிவந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, வாடை வருகிறதா. ஒரு கட்டத்தில் சுப்பையா, "தம்பி, ஒங்களுக்குப் போட்டோவே அனுப்புறோம்" என்று, அதே ஊரிலிருக்கும் மகள் வழிப் பேத்தியை விட்டு அனுப்ப ஆரம்பித்தார். என் மனைவி என் போனில் பாதம் பாதமாக இருப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். கடைசிப் படத்தில் தோல் மூடியிருந்தது. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

இதைப் படிக்கிற உங்களில் சிலர் எல்லாம் படித்துவிட்டு வந்தவர்கள். மண்ணைச் சோதிக்க உங்களிடம் என்னைவிட நல்ல வழி இருக்கும். நல்லது. அதையெல்லாம் பார்த்து முடித்த பிறகு, அந்தத் தரையில் நடக்கப் போகிற காலை ஒரு தடவை பாருங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். காலை எதற்குப் பார்க்கிறான் என்று நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

ஐப்பசி மழை வந்தது. நல்ல மழை. குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன், வாய்க்காலில் பைப் வழியாகத் தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. புல் அசையவில்லை. குமரேசன் லீவில் வந்திருந்தார். அக்கவுண்ட் நம்பர் கொடுங்கண்ணே என்றார். களிமண் நனைந்து உப்புவதைப் பார்த்தாயிற்று, காய்ந்து வெடிப்பதையும் பார்த்துவிடுகிறேன், கோடை போகட்டும் என்றேன். கோடை போனது. வெடிப்பு இல்லை. ஆனால் அந்தக் கோடை அவ்வளவு கடுமையான கோடை இல்லையே என்று எனக்குத் தோன்றியது. அடுத்த கோடையும் பார்த்துவிடலாம் என்றேன்.

"ஒங்க பயத்துக்கு என் பங்கையும் சேத்து அடகு வச்சிருக்கீங்க" என்று ஜபருல்லா சண்டைக்கு வந்தான். அவன் பங்கை என் கையிலிருந்து கொடுத்துவிட்டேன். இப்போது அந்த வழியாக எங்கே போனாலும் அவனே வாசலில் ஆட்டோவை நிறுத்தி, புல்லைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டு, எனக்குப் போன் அடிக்கிறான். ஆத்தா நடக்குது, செருப்புப் போட்டிருக்கு, சுத்து குறையல என்று.

குமரேசன் போன வாரமும் நம்பர் கேட்டு அனுப்பியிருந்தார். இந்த வருஷம் மழை எப்படி என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன். அந்த வாசலில் எனக்கு வர வேண்டியது இன்னும் பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய்.